பனிஹால் மலைச் சுரங்கச் சாலை

குன்றெறிந்த வேலனைத் தொழும் மரபில் வந்தவர்கள் நாம். கிரவுஞ்ச மலையை முருகப் பெருமான் தம் வேலாற் பிளந்த வரலாற்றை ஆண்டுதோறும் கந்த சஷ்டி விழாவில் கேட்கின்றோம்; பிள்ளைகளுக்கும் சொல்லுகின்றோம். மலையைப் பிளத்தல் தெய்வத்திற்கே இயலும் என்பது பழையோர் கருத்து. மனிதனுக்கு மலை என்பது எல்லை. அதனை ஏறிக் கடக்கலாம், சுற்றிப் போகலாம், மழையும் பனியும் மறித்தால் அடிவாரத்தில் காத்திருக்கலாம். ஊடுருவிச் செல்லுதல் இயலாது. இயலாது என்று எண்ணப்பெற்ற அச்செயலை மனிதன் தன் கையாற் செய்து முடித்த இடங்களுள் ஒன்றைப் பற்றி நம் சங்கத்தின் ஆண்டு மலரில் எழுத விழைகின்றேன். அது காஷ்மீரத்துப் பனிஹால் மலைச் சுரங்கச் சாலையாகும்.

கொல்கத்தாவில் வாழும் தமிழர்க்கும் காஷ்மீர மலைக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். குளிர் தொடங்கியதும் நம் குடியிருப்பின் வாயிலில் சால்வை மூட்டையுடன் வந்து நிற்கும் காஷ்மீர வணிகர்களை நாம் அனைவரும் அறிவோம். குளிர்காலம் முழுதும் இந்நகரத்தில் தங்கி, வீடு வீடாகச் சென்று தவணை முறையில் விற்று, வெயில் ஏறத் தொடங்கியதும் ஊர் திரும்புவது அவர்கள் வழக்கம். எங்கள் வீட்டிற்குப் பல்லாண்டுகளாக வரும் முதியவர் ஒருவர் உண்டு. சென்ற குளிர்காலத்தில் என் இளைய மகள் அவரிடம், “சாச்சா, உங்கள் ஊர் எங்கே இருக்கிறது?” என்று கேட்டாள். அவர் தாழ்வாரத்துத் தரையில் விரலால் ஒரு கோடு இழுத்து, “இது மலை, இதற்கு அப்பால்” என்றார். அந்தக் கோட்டின் வரலாறே இக்கட்டுரை.

நாற்புறமும் மலை

காஷ்மீரப் பள்ளத்தாக்கு நாற்புறமும் மலை சூழ்ந்த நிலம். அதன் தெற்கிலும் மேற்கிலும் மதிலென நிற்பது பீர் பஞ்சால் மலைத்தொடர். மலைக்கு இப்பால் ஜம்மு, அப்பால் ஸ்ரீநகர். மொகலாயப் பேரரசர்கள் யானைகளும் குதிரைகளும் புடைசூழ, மேற்கே உள்ள வேறொரு கணவாய் வழியே இத்தொடரைக் கடந்தனர். காஷ்மீரத்தின்மேல் தீராக் காதல் கொண்ட ஜஹாங்கீர், 1627-ஆம் ஆண்டில் அங்கிருந்து திரும்பும் வழியிலேயே உயிர்நீத்தார்.

பின்னர் வந்த டோக்ரா மன்னர்கள் காலத்தில் அரசாங்கமே ஆண்டுக்கு இருமுறை மலையைக் கடந்தது. கோடையில் ஸ்ரீநகரும் குளிர்காலத்தில் ஜம்முவும் தலைநகராக விளங்கும் வழக்கத்தை 1872-இல் மகாராஜா ரண்பீர் சிங் தொடங்கினார். ‘தர்பார் மாற்றம்’ என்று பெயர் பெற்ற அவ்வழக்கம் ஒரு நூற்றாண்டிற்கும் மேலாக நடைபெற்றது. அலுவலகக் கோப்புகள் அனைத்தும் பெட்டிகளிற் கட்டப்பெற்று மலையேறும். எழுத்தர்களும் உடன் செல்வர். ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குக் கோப்பு நகர்வதே பெரும் பயணமாக உள்ள உலகில், பனிமலையைக் கடந்து சென்ற அக்கோப்புகளையும், அவற்றின் பின்னே சென்ற என் தொழில் தோழர்களையும் எண்ணுங்கால் வியப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன.

வண்டி செல்லத்தக்க சாலைகள் இரண்டு அமைந்தன. முதலாவது, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைந்த ஜீலம் பள்ளத்தாக்குச் சாலை. இராவல்பிண்டியில் புகைவண்டியை விட்டு இறங்குவோர், ஆற்றின் கரையை ஒட்டியே பாராமுல்லா சென்று ஸ்ரீநகரை அடையலாம். உயர்ந்த கணவாய் எதுவும் குறுக்கிடாத வழி அது. ஆதலின் வணிகமும் அஞ்சலும் பயணிகளும் பெரும்பாலும் அவ்வழியையே நாடினர்.

இரண்டாவது, ஜம்முவிலிருந்து பனிஹால் கணவாய் வழியாகச் சென்ற சாலை. மகாராஜா பிரதாப் சிங் காலத்தில் அமைக்கப்பெற்று, 1922-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பெற்றது. கணவாயின் உயரம் 2,832 மீட்டர். நம் உதகையைவிட உயர்ந்தது. ‘பனிஹால்’ என்னும் பெயரில் நம் தமிழ்ச் சொல் ஒன்று ஒளிந்திருப்பதுபோல் தோன்றும். பெயர் அந்நாட்டு மொழிக்குரியதே; எனினும் பொருத்தம் வியத்தற்குரியது. மார்கழி முதல் மாசி வரையில் அக்கணவாயைப் பனியே ஆளும். சாலை இருக்கும்; ஆனால் வழி இராது.

ஒரு கதவு மூடியது

1947-ஆம் ஆண்டுப் பிரிவினையில் இராவல்பிண்டி பாகிஸ்தானைச் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டது. அக்டோபர் 27-ஆம் நாள் இந்தியப் படைகள் ஸ்ரீநகரில் இறங்கியது விமானத்தின் வாயிலாகவே. 1949 ஜனவரி முதல் நாள் போர் நின்றபொழுது, ஜீலம் சாலை எல்லைக்கோட்டால் இரண்டாக வெட்டுண்டு கிடந்தது. சியால்கோட்டிலிருந்து ஜம்முவிற்கு வந்த இரயில் பாதையும் அவ்வாறே அறுபட்டது. நாற்புறமும் மலை சூழ்ந்த நாட்டிற்கு ஆண்டு முழுதும் திறந்திருந்த வாயில் மூடிவிட்டது. எஞ்சியது பனியால் அடைபடும் பனிஹால் ஒன்றே.

இதன் பொருளை நாம் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். அரிசி, உப்பு, மண்ணெண்ணெய், மருந்து ஆகியவற்றைப் பனி விழுமுன் கொண்டு சேர்த்தல் வேண்டும். தோட்டத்தில் விளைந்த ஆப்பிளைப் பனி விழுமுன் வெளியேற்றுதல் வேண்டும். நோயுற்றவர் பனி உருகும் வரையில் காத்திருத்தல் வேண்டும். நோய் காத்திருக்குமா?

அக்காலத்தில் ஜம்முவிற்கு அருகில் எஞ்சியிருந்த பெரிய புகைவண்டி நிலையம் பதான்கோட். 1952-இல் முகேரியானிலிருந்து பதான்கோட்டிற்குப் புதிய இரயில் பாதை அமைக்கப்பெற்றது. ஆனால் பதான்கோட்டில் இறங்கிய பண்டம் மலையைக் கடந்தால் அன்றோ பயன்? மலைமீது ஏறிக் கடக்கும் சாலையை எவ்வளவு செப்பனிட்டாலும் பனியை வெல்லுதல் அரிது. மலையின் ஊடே வழி காணுதல் ஒன்றே தீர்வு என்று முடிவு செய்யப்பெற்றது.

மலையைக் குடைந்தனர்

பனிஹால் சுரங்கத்தின் பணி 1954-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. ஜெர்மன் நாட்டுப் பொறியியல் நிறுவனங்கள் இதனை மேற்கொண்டன. கணவாய்க்குக் கீழே ஏறத்தாழ 600 மீட்டர் தாழ்வில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில், போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றுமாக இரு குழாய்கள் திட்டமிடப்பெற்றன. ஒவ்வொன்றும் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடையது.

சுரங்கம் குடைதல் எவ்வாறு நிகழ்கின்றது என்பதை இளைஞர் பொருட்டுச் சுருங்கச் சொல்லுவேன். பாறையின் முகத்தில் வரிசை வரிசையாகத் துளையிடுவர். துளைகளில் வெடிமருந்து நிரப்பி, ஆட்களை விலக்கி, வெடிக்கச் செய்வர். நச்சுப் புகை அடங்கிய பின் உடைந்த கல்லை வாரி வெளியே கொட்டுவர். தலைக்குமேல் தொங்கும் கற்களைத் தட்டி வீழ்த்தி, சரியாதவாறு முட்டுக் கொடுத்து, மீண்டும் துளையிடுவர். ஒரு வெடிப்பிற்குச் சில அடிகளே முன்னேற்றம். எந்த அடியில் பாறை நெகிழும், எந்த அடியில் நீர் பீறிடும் என்பதை வெளியில் நின்று முழுதும் கணித்தல் இயலாது. நீண்ட சுரங்கங்களை இரு முனையிலிருந்தும் ஒரே காலத்தில் குடைவதுண்டு. அங்ஙனம் குடையுங்கால் இரு குழுவினரும் நடுமலையில் நேருக்கு நேர் சந்தித்தல் வேண்டும். மலையின் இருபுறமும் நின்று ஒருவரையொருவர் காணாது தொடங்கியவர்கள், அளவையாளரின் கணக்கு ஒன்றையே நம்பி இருளிற் சந்திக்கின்றார்கள்!

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் சிறு இரயிலிற் சென்ற அன்பர்கள் 16 சுரங்கங்களைக் கடந்திருப்பார்கள். ஒவ்வொன்றினுள்ளும் நம் பிள்ளைகள் மகிழ்ச்சியால் கூவுவர். கூவி முடிப்பதற்குள் வெளிச்சம் வந்துவிடும். பனிஹால் சுரங்கத்திலோ ஒரு நல்லிருட்டைக் கடந்து செல்லுதல் வேண்டும். ஒருபுறம் ஜம்முவின் மலைச்சரிவு. மறுபுறம் காஷ்மீரத்தின் அகன்ற பள்ளத்தாக்கு. இடையே இருளான சில மணித்துளிகளே.

1956 டிசம்பர் 22-ஆம் நாள் சுரங்கம் திறக்கப்பெற்றது. பண்டித ஜவாஹர்லால் நேருவின் பெயரால் ஜவாஹர் சுரங்கம் என்று வழங்கலாயிற்று. திறந்துவைத்தவர் அந்நாளைய குடியரசுத் துணைத் தலைவர் டாக்டர் சர்வேபள்ளி இராதாகிருஷ்ணன். அவர் 1888-இல் திருத்தணியிற் பிறந்தவர். 1921-இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்குத் தத்துவப் பேராசிரியராக வந்து, தெற்கிலிருந்து வந்து இந்நகரில் புகழ் நாட்டியோருள் ஒருவரானவர். மலை பிளந்த வேலவன் கோயில் கொண்டுள்ள தணிகையிற் பிறந்த ஒருவர், மலை துளைத்த வழியைத் திறந்துவைத்தார் என்பதை எண்ணுந்தோறும் என் உள்ளம் மகிழ்கின்றது.

திறந்த வழியும் தீராத இடரும்

சுரங்கம் பயன்பாட்டிற்கு வந்ததும் காஷ்மீரத்தின் வாழ்வு மாறியது. குளிர்காலத்திலும் லாரிகள் சென்றன. உணவும் எரிபொருளும் பள்ளத்தாக்கை அடைந்தன. படைகளுக்கு வேண்டியனவும் சென்றன. ஆப்பிள் பெட்டிகள் தில்லிக்கும், அங்கிருந்து நம் மேச்சுவா பழச் சந்தைக்கும் வந்து சேர்ந்தன. லேக் மார்க்கெட்டில் நாம் பேரம் பேசி வாங்கும் ஆப்பிளுக்குப் பின்னே அந்த இருண்ட வழி இருந்தது என்பதை நம்முள் எத்துணைப் பேர் அறிந்திருந்தோம்?

எனினும் இடர் முற்றும் நீங்கவில்லை. நாளொன்றுக்கு 150 வண்டிகள் செல்லுமென்று கருதி அமைக்கப்பெற்ற வழியில், பிற்காலத்தில் பல ஆயிரம் வண்டிகள் சென்றன. வண்டிப் புகை உள்ளே தேங்கியது. அன்றியும், சுரங்கத்தின் வாயில்கள் பனி மிகுதியாக விழும் உயரத்திலேயே இருந்தன. உள்ளே வழி திறந்திருக்கும். வாயிலை அடையும் சாலையோ பனிச்சரிவால் மூடிக்கிடக்கும். 2019 பிப்ரவரியில் வடக்கு வாயிலருகே இருந்த காவல் சாவடியின்மேல் பனிச்சரிவு வீழ்ந்து, உள்ளே இருந்தோர் சிலர் உயிரிழந்தனர். வழியைக் காத்தவர்களை வழியோரத்துப் பனியே விழுங்கிற்று.

எங்கள் சால்வை வணிகர் கூறிய நிகழ்ச்சி ஒன்றை ஈண்டுக் குறித்தல் வேண்டும். 2005 பிப்ரவரியில் காஷ்மீரத்தில் பெரும்பனி பொழிந்தது. பனிச்சரிவுகளில் ஊர்களே புதையுண்டன. அத்திங்களில் அவர் இந்நகரில் இருந்தார். அன்னையார் இறந்த செய்தி வந்தது. உடனே ஜம்முவிற்கு இரயில் ஏறினார். இரண்டு இரவு பயணம் செய்து ஜம்முவை அடைந்தவர், மேலே செல்ல வழியின்றி எட்டு நாள் அங்கேயே கிடந்தார். “அடக்கம் அன்றே முடிந்திருக்கும் என்பது எனக்குத் தெரியும், பாபு. நான் காத்திருந்தது அதற்காக அன்று. தனியாக இருந்த என் தந்தையின் பக்கத்தில் போய் உட்கார வேண்டும் என்பதற்காக” என்றார். இதனை அவர் சொல்லியபொழுது எங்கள் வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

புதிய சுரங்கங்கள்

இக்குறைகளைக் களைதற்கு மலையின் அடியை நோக்கி இறங்குதலே வழி என்று பொறியாளர் கண்டனர். எவ்வளவு தாழ்வில் குடைகின்றோமோ அவ்வளவு பனி குறையும். ஆனால் அவ்வளவு நீளம் கூடும். நீண்ட சுரங்கம் குடைய நம் தலைமுறையில் புதிய முறையும் வாய்த்தது. ஆஸ்திரிய முறை என்று அதற்குப் பெயர். குடைந்த உடனே பாறையின்மேல் சிமெண்டுக் கலவையை விசையுடன் பீச்சி, நீண்ட இரும்பு ஆணிகளைப் பாறைக்குள் இறக்கி, பாறை எவ்வளவு அசைகின்றது என்பதைக் கருவியால் நாள்தோறும் அளந்து, அதற்கேற்பத் தாங்கலைக் கூட்டுவர். மலையை எதிர்த்து நிற்காமல், மலையின் வலிமையையே துணையாகக் கொள்ளும் முறை அது.

இம்முறையில் முதலில் முடிந்தது நம் இரயில்வேயின் பணியே. 11 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுடைய பீர் பஞ்சால் இரயில் சுரங்கத்தில், பனிஹாலுக்கும் காஜிகுண்டிற்கும் இடையே 2013 ஜூன் 26 அன்று இரயில் ஓடத் தொடங்கிற்று. அது ஜவாஹர் சுரங்கத்திற்கு ஏறத்தாழ 440 மீட்டர் கீழே செல்கின்றது.

அடுத்து, ஜம்மு நெடுஞ்சாலையில் செனானிக்கும் நாஷ்ரிக்கும் இடையே, 9 கிலோமீட்டருக்கும் சற்று மிகுந்த சாலைச் சுரங்கம் 2017 ஏப்ரல் 2 அன்று திறக்கப்பெற்றது. பட்னிடாப் மலையை ஏறி இறங்கும் வேலை அதனால் ஒழிந்து, பயணத்தில் 30 கிலோமீட்டர் குறைந்தது. 2019-இல் அச்சுரங்கத்திற்குச் சியாமா பிரசாத் முகர்ஜியின் பெயர் சூட்டப்பெற்றது. அவர் இந்நகரிற் பிறந்தவர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். 1953-இல் ஸ்ரீநகரில் காவலில் இருந்தபொழுது மறைந்தவர். அவர் தந்தையாரான சர் ஆசுதோஷ் முகர்ஜியே, நிதித் துறையில் அலுவல் பார்த்து வந்த நம் சர் சி. வி. இராமனைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக அழைத்துக்கொண்ட பெருமகனார். ஆதலின் அம்மலையில் எழுதப்பெற்றுள்ள பெயர் நமக்கு அயலார் பெயரன்று.

இறுதியாக, பனிஹாலுக்கும் காஜிகுண்டிற்கும் இடையே எட்டரைக் கிலோமீட்டர் நீளமுள்ள புதிய சாலைச் சுரங்கம் 2021 ஆகஸ்டில் போக்குவரத்திற்குத் திறக்கப்பெற்றது. பழைய சுரங்கத்திற்கு ஏறத்தாழ 400 மீட்டர் தாழ்வில் இரு குழாய்களாக அமைந்து, பயணத் தொலைவை 16 கிலோமீட்டர் குறைத்தது. ஒரே மலைக்கு மேலே கணவாய்; அதன்கீழ் ஜவாஹர் சுரங்கம்; அதன்கீழ்ப் புதிய சாலையும் இரயிலும். ஒரு நூற்றாண்டு முயற்சியின் படிகளை அம்மலையிலே அடுக்கி வைத்தாற்போல் காணலாம்.

குடைந்தவர் யார்?

சுரங்கத்தின் நுழைவாயிலில் பெரியோர் பெயர் பொறிக்கப்பெறும், அது முறையே. குடைந்தவர் பெயர் எங்கும் இராது. 2023 நவம்பர் 12-ஆம் நாள் உத்தராகண்டத்தில் சில்க்யாரா என்னுமிடத்தில், குடைந்துகொண்டிருந்த சாலைச் சுரங்கம் இடையிற் சரிந்து 41 தொழிலாளர் உள்ளே அகப்பட்டனர். நாடே மூச்சடக்கிக் காத்திருந்தது. குழாய் வழியே உணவு சென்றது. குழாய் வழியே குடும்பத்தார் குரல் சென்றது. பெரிய இயந்திரம் உடைந்து நின்ற இடத்தில், கையாற் குடையும் எளிய தொழிலாளர் உட்புகுந்து எஞ்சிய தொலைவைத் தோண்டினர். 17-ஆம் நாள், நவம்பர் 28-இல், 41 பேரும் உயிருடன் மீண்டனர்.

அவர்கள் யாவர்? ஜார்க்கண்ட், பீகார், ஒடிசா, உத்தரப் பிரதேசம் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்பு நாடிச் சென்றவர்கள். மூவர் நம் மேற்கு வங்காளத்தவர். சொந்த ஊருக்குப் போகும் வழியைத் தொலைவிலே விட்டுவிட்டு, பிறர் ஊருக்குப் போகும் வழியைக் குடைந்துகொண்டிருந்தவர்கள் அவர்கள். ஊர் விட்டு ஊர் வந்து உழைக்கும் நாம் அவர்களை மறத்தலாகாது.

வழி திறந்திருத்தல் வேண்டும்

மலையோடு செய்யும் வழக்கு என்றும் முடிவதில்லை. 2025 ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் பெய்த மழையால் ஜம்மு நெடுஞ்சாலை சரிந்து, ஆப்பிள் ஏற்றிய லாரிகள் நடுவழியிற் பல நாள் நின்றன. சுரங்கம் இருந்தும் அதனை அடையும் சாலை இல்லை. எனினும் அவ்வாண்டு ஜூன் 6-ஆம் நாள், செனாப் ஆற்றின்மேல் 359 மீட்டர் உயரத்தில் அமைந்த பாலத்தின் வழியே காஷ்மீரத்திற்கு இரயில் தொடர்பு முழுமை பெற்றிருந்தது. ஆதலின் செப்டம்பரில் புத்காமிலிருந்து தில்லிக்குப் பார்சல் இரயிலில் ஆப்பிள் சென்றது. ஒரு வழி அடைபட்டபொழுது மற்றொரு வழி திறந்திருந்தது. 1947-இல் இல்லாத பேறு இதுவே.

என் வாழ்வில் நிகழ்ந்ததொன்றைச் சொல்லி முடிக்கின்றேன். 2014 அக்டோபரில், கும்பகோணத்தை அடுத்த எங்கள் கிராமத்தில் என் தந்தையார் காலமானார். அதே நாளில் ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தைத் தாக்கியது. ஹௌராவிலிருந்து சென்னைக்குக் கடற்கரை ஓரமாகச் செல்லும் பாதையில் வண்டிகள் நிறுத்தப்பெற்றன. விமானத்திற்கு வேண்டிய பொருள் அன்று என் கையில் இல்லை. நாகபுரி வழியாகச் சுற்றிக்கொண்டு ஊர் சேர்ந்தபொழுது எல்லாம் முடிந்திருந்தது. மூத்த மகனாகிய நான் இட வேண்டிய கொள்ளியைத் தம்பி இட்டிருந்தான். இரயிலில் பணிபுரியும் எனக்கே அன்று இரயில் இல்லை. இயற்கையின் சீற்றத்திற்கு யாரைக் குறை சொல்வது? திண்ணையில் அமர்ந்திருந்த அன்னையார், “வந்துவிட்டாயா, அப்பா” என்று மட்டும் சொன்னார்.

அதனால்தான் சால்வை வணிகர் ஜம்முவிற் காத்திருந்த எட்டு நாள்களின் நீளம் எனக்குத் தெரிந்தது. ஊருக்கும் நமக்கும் இடையே உள்ள தொலைவைக் கிலோமீட்டரால் அளக்கின்றோம். பயணச்சீட்டிலும் அதையே அச்சிடுகின்றோம். உண்மையான அளவு அதுவன்று. வழி திறந்திருக்குமாயின் ஆயிரத்தறுநூறு கிலோமீட்டரும் அண்மையே. வழி அடைபடுமாயின் ஒரு மலையின் மறுபுறமும் எட்டாத் தொலைவே.

இவ்வாண்டும் சால்வை மூட்டையுடன் அம்முதியவர் வருவார். வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அவரை அமரச் செய்து ஒரு குவளை தேநீர் அளியுங்கள். “வழி திறந்திருக்கிறதா?” என்று கேளுங்கள். ஊரை விட்டு வந்து வாழும் ஒருவர் மற்றொருவரிடம் கேட்கத்தக்க நலன் அதுவே.